நாடா கட்டின பென் டிரைவ்

ஹலோ... ஹலோ, மாப்ள! நான்தான், அத்தான் பேசறேன்... ஆமா, ஆமா, நல்லாத்தான் இருக்கேன். நீ ஆபீஸ்லதானே?... மீட்டிங்கா? எப்போ?... பத்து நிமிஷத்துலயா? போதும் போதும், தாராளம். ஒரு சின்ன சந்தேகம், அவ்வளவுதான்... இல்லப்பா, குரலெல்லாம் நடுங்கல. மாடிப்படி ஏறி வந்தேன், அதான் மூச்சு வாங்குது.

... எங்க வீட்டுல மாடி கிடையாதுதான். சரி, அதை விடு.

விஷயம் என்னன்னா, எங்கூட வேலை பாக்கற ஆளு ஒருத்தன். லிஃப்ட் மெக்கானிக், என்னைமாதிரியே. அவன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல சிஸ்டம் மாத்தியிருக்கான்... ஆமா, பழைய விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ்... ஆமா, நீ எனக்குச் சொன்ன அதே லினக்ஸ்தான். அவனுக்கு யாரு சொன்னான்னு எனக்கென்ன தெரியும்?... ஆமா, அவன் பொண்டாட்டியும் டெய்லர்தான். இருக்கக்கூடாதா? உங்கக்கா ஒருத்திதான் டெய்லரா?... அவனுக்கும் ஒரு மச்சான் இருக்கானான்னா... இருக்கான். உன்னைமாதிரியே குறுக்குக் கேள்வி கேக்கறவன்.

... சரிடா. நான்தான். சிரிக்காத... சிரிக்காதன்னு சொல்றேன்ல? உங்கக்கா துணிக்கடைக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள இதை முடிச்சாகணும்.

தெரியும்டா. நாடகம் முடியற வரைக்கும் கம்ப்யூட்டர்ல கை வைக்காதீங்கன்னு உங்கிட்டயும் சொன்னாளா? எங்கிட்ட தினமும் சொன்னா. பள்ளிக்கூட நாடகத்துக்கு முப்பத்தி நாலு உடுப்பு. ராஜா, ராணி, கரடி, மரம்... ஆமா, மரத்துக்கும் உடுப்புதான், ஆறு மரம். இதுவரைக்கும் அவளுக்குக் கிடைச்சதுலயே பெரிய வேலை. நாளைக்குக் காலைல துணி வெட்டணும்... எனக்கு இன்னைக்கு லீவு. சும்மா உக்கார முடியல. அவ திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் புதுசா, வேகமா ஓடணும், "அட, நீங்களேவா செஞ்சீங்க?"ன்னு அவ கேக்கணும். அதுக்கு நான் சொல்லப்போற பதில்கூட ரெடியா வச்சிருந்தேன்... என்ன பதிலா? "இதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு.

யோசிக்காம செஞ்சேன்னு மட்டும் சொல்லாத. மூணு வாரம் வீடியோ பாத்தேன். லினக்ஸ்ல எத்தனை வகைடா! ஒண்ணு வேகமாம், ஒண்ணு அழகாம், ஒண்ணு பழைய கம்ப்யூட்டருக்குன்னே செஞ்சதாம். ஒரு புது நோட்டு வாங்கி, கட்டம் போட்டு, எது நல்லது எது கெட்டதுன்னு மார்க் போட்டேன். கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசிச்சதில்ல... கடைசில எதை எடுத்தேனா?... அது வந்து... ஒண்ணுல ஸ்கிரீனுக்குப் பின்னணியா ஒரு மலைப்படம் இருந்தது. நல்லா இருந்தது.

... ம். ம். பேக்கப் எடுத்தேன்டா! நீ சொன்ன முத வேலையே அதானே? காலைல பல்லு வெளக்கின கையோட எடுத்தேன். கம்ப்யூட்டர்ல இருந்த பிள்ளைங்க உடுப்பு அளவு மொத்தமும், பழைய வாடிக்கைக்காரங்களோடதும் சேத்து, பென் டிரைவ்ல ஏத்திட்டேன். தொலைஞ்சிடக் கூடாதுன்னு உங்கக்கா சிவப்பு நாடா கட்டி வச்சிருக்காளே, அதுலதான்.

அப்புறமா? அப்புறம் நீ சொன்ன ரெண்டாவது வேலை. லினக்ஸ பென் டிரைவ்ல ஏத்தணும்னு சொன்னல்ல? ஏத்தினேன்.

... எந்த பென் டிரைவ்லயா?

... மாப்ள? லைன்ல இருக்கியா?... வீட்டுல எத்தனை பென் டிரைவ் இருக்கும்னு நினைக்கற? ஒண்ணுதான்டா இருக்கு!... கேட்டுச்சு. "இதுல உள்ளது எல்லாம் அழிஞ்சிடும், சரியா?"ன்னு கேட்டுச்சு. நான் சரின்னேன்... எல்லாத்துக்கும் சரின்னுதானே அமுக்கறோம்? எனக்குத் தெரிஞ்சதே லிஃப்ட்ல ரெண்டு பட்டன், மேல, கீழ. அங்க பட்டன் இப்படியெல்லாம் மனுஷனைக் கேள்வி கேக்காது.

ரெண்டு பென் டிரைவ் வேணும்னு நீ சொல்லவே இல்ல... சொன்னியா?... மெசேஜும் அனுப்பினியா? இரு, பாக்கறேன்... ஆமாடா. அனுப்பியிருக்க. பக்கத்துல மூணு ஆச்சரியக்குறி வேற போட்டிருக்க. நான் கண்ணாடி போடாம படிச்சிருக்கேன்.

கம்ப்யூட்டர்ல பழசு இருக்கும்லன்னா... அங்கதான் இன்னொரு சின்ன விஷயம். "பழசோட சேத்து வைக்கவா, மொத்த டிஸ்க்கையும் அழிச்சிட்டுப் போடவா?"ன்னு கேட்டுது. அழிக்கறதுதான் முதல்ல இருந்தது. அதுவே டிக்கும் பண்ணி வச்சிருந்தது. தெரிஞ்சவங்க செஞ்சது, நாம எதுக்கு மாத்தணும்னு... ஆமா. ஆமா. முட்டாள்தான். நீ சொல்லலைன்னாலும் நானே சொல்வேன்... இப்ப எண்பத்தேழு பர்சன்ட். நிறுத்தவா? பிடுங்கிடவா?... லேட்டாயிடுச்சா? சரி, தொடல. கையப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன்.

காகிதத்துல இல்லடா. பழைய அளவு நோட்டை நான்தான் எடைக்குப் போட்டேன். "இன்னும் எந்தக் காலத்துல இருக்க நீ?"ன்னு உங்கக்காகிட்ட அரை மணி நேரம் பேசினேன். இந்தப் பிள்ளைங்க அளவ அவ துண்டுச்சீட்டுல எழுதப் போனா. வேண்டாம்னு சொல்லி, ரெண்டு மத்தியானம் பள்ளிக்கூடத்துலருந்து அவ போன்ல சொல்லச் சொல்ல வீட்டுல உக்காந்து டைப் பண்ணினவன் நான்... ஆன்லைன்ல போடச் சொன்னேன்லங்கறியா? சொன்ன. நம்ம பொருள் நம்ம கைக்குள்ள இருக்கணும்னு உனக்கு நான் பாடம் எடுத்தேன். கைக்குள்ளதான் இருக்கு. நாடா கட்டி இருக்கு. உள்ளதான் ஒண்ணும் இல்ல.

... அழிஞ்சதைத் தேடி எடுக்கலாமா? நிஜமா?... கொஞ்சம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்... ஞாயித்துக்கிழமை கொண்டு வரணுமா? நாளைக்குக் காலைல வெட்டணுமேடா.

எனக்கு ஒரு உதவி பண்ணு. அவளுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடேன். சிஸ்டத்துல ஏதோ கோளாறுன்னு... பொய் இல்லடா, கோளாறுதானே, சிஸ்டத்துக்கு முன்னாடி உக்காந்திருந்த கோளாறு... மாட்டியா? நீ தம்பி, உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டா... பயமா இருக்குடா. திட்டுக்கு இல்ல. முத தடவையா இவ்வளவு பெரிய வேலை, என்னை நம்பி மொத்தத்தையும் இதுல போட்டா. அந்த மூஞ்சியை எப்படிப் பாப்பேன்?

ஐயோ, ஸ்கூட்டர் சத்தம். வந்துட்டா... இல்ல, வைக்காத! மீட்டிங் கிடக்கட்டும், லைன்லயே இரு. பேச வேண்டாம், சும்மா இரு.

வாம்மா, வா. கனமா இருக்கா? குடு, நான் எடுத்து வைக்கறேன். தண்ணி குடிக்கறியா?... ஏன் இவ்வளவு அன்புன்னா... உக்காரேன்... சரி, நின்னுக்கிட்டே கேளு. பிள்ளைங்க அளவு போச்சு. முப்பத்தி நாலும் போச்சு. பழசும் போச்சு. கம்ப்யூட்டர் அழிக்கல. நான் அழிச்சேன். நீ வேண்டாம்னு சொன்னதை உனக்குத் தெரியாம செஞ்சேன்.

...

மாப்ள... துணியை ஒவ்வொண்ணா பிரிச்சு மேசைமேல அடுக்கறா... மடிச்சது சரியில்லன்னு மறுபடி மடிக்கறா. ரெண்டு வார்த்தை திட்டினாக்கூட நிம்மதியா இருக்கும்... இரு, அவ போனை எடுக்கறா. நாடக டீச்சர்கிட்ட பேசறா போல...

"அளவுல ஒரு சின்ன சந்தேகம்"ங்கறா... "துணி வெட்டறதுக்கு முன்னாடி மறுபடி ஒரு தடவை சரிபாத்துக்கறேன் டீச்சர்"ங்கறா... நாலு மணி வரைக்கும் ஒத்திகையாம், எல்லாப் பிள்ளைங்களும் இருப்பாங்களாம்... கேட்டியாடா? எங்க வீட்டுக்காரர் இப்படிப் பண்ணிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லல. தன்மேல போட்டுக்கிட்டா.

... ம். ம். இரு, இரு. என் நோட்டை எடுக்கறா... அதான், லினக்ஸுக்கு மார்க் போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கமா படிக்கறாடா. மலைப்படம் கிட்ட வந்துட்டா... பத்துக்குப் பத்து போட்டிருக்கேன். என்னைப் பாக்கறா.

அந்தப் பக்கம் எல்லாத்தையும் கிழிச்சுக் கையில குடுத்துட்டா. மிச்ச நோட்டையும் பேனாவையும் மேல வச்சிட்டா. இஞ்ச் டேப்பை என் கழுத்துல மாட்டிவிடறா... நான் அளக்கணுமாம். அவ எழுதுவாளாம். நோட்டைத் திரும்ப வாங்கிக்கிட்டா, பேனாவையும் வாங்கிக்கிட்டா. எழுதற வேலை இனிமே எனக்குக் கிடையாதாம்.

என்னது?... எண்பத்தேழா? இரு, திரும்பிப் பாக்கறேன். முடிஞ்சிடுச்சுடா! மலை வந்துடுச்சு. அழகாத்தான் இருக்கு. நடுவுல தமிழ்ல ஏதோ போட்டிருக்கு... "வரவேற்கிறோம். ஆரம்பிக்கலாமா?"ங்குது.

உங்கக்காவும் வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு அதையேதான் கேக்கறா. வச்சிடறேன்.