கண்ணாயி காட்டிய இரண்டு தட்டுகள்

தலைமை ஏற்றிருக்கும் காளியண்ணன் அவர்களே, மறைந்த கண்ணாயி அம்மையாரோடு ஆய்வுக்கூடத்தில் உழைத்த மேனகா அவர்களே, இந்த மூடுபனியிலும் பஸ் பிடித்து இரங்கல் கூட்டத்துக்குச் செம்மேடு வந்து சேர்ந்திருக்கும் என் மக்களே, வணக்கம்.

முனைவர் கண்ணாயி! நம் மலையில் வாழவந்தி நாட்டில் பிறந்தவர். கல்லீரல் புற்றுநோயின் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று இருபது ஆண்டுகள் தேடியவர். போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். நம்ப முடிகிறதா? எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்ட செய்தி போலத்தான் இருக்கிறது.

நான் மிளகும் பழமும் விற்பவன். மேடைப்பேச்சு வராது. என் தப்பைச் சொல்லத்தான் வந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் இதே ஊரில் அவர் பேசினார். ரெட்டினாய்டு என்ற மருந்தைச் செயற்கையாகச் செய்து ஆராய்வதாகவும், அது வைட்டமின் ஏ-வுக்குத் தூரத்துச் சொந்தம் என்றும் சொன்னார். பப்பாளியில் வைட்டமின் ஏ என்று எனக்குத் தெரியும். மறுநாளே சோளக்காட்டுக் கடையில் போர்டு மாட்டினேன்: ‘கல்லீரல் கட்டியைக் கரைக்கும் பப்பாளி’. பழம் பறந்தது!

எட்டு மாதம் கழித்து அம்மையார் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

“ஏனுங்கண்ணா, பப்பாளி கரைக்கும்னு நான் எப்பங்க சொன்னேன்?”

“சொந்தம்னு சொன்னீங்களே, அம்மிணி.”

“உங்க தம்பி லாரி ஓட்டுறாருன்னு உங்ககிட்ட சாவியக் குடுத்துரலாமுங்களா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காமாலைக் கிருமியால் கல்லீரல் கெட்டிருந்த குப்புசாமி மாமா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டியவர். என் பழத்தை நம்பி நிறுத்திவிட்டார். கண்ணாயி அவர் வீட்டுக்கே போய் ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். கட்டி இருந்தது. அறுத்தெடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் சின்னதாக இருந்திருக்கும் என்றார்கள்.

அன்று அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினாரா? இல்லை! கோயம்புத்தூரில் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். முதல் தட்டில் புற்றுச் செல்கள், இடைவெளியே இல்லாமல். மருந்து விட்ட அடுத்த தட்டிலோ, விடிகாலையில் பள்ளத்தாக்கில் மேகம் மெல்லப் பிரிவது போல, அங்கங்கே வெளிச்சம். எவ்வளவு நேரம் பார்த்தேனோ! இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வெளிச்சத்துக்குள் மிதக்கிறேன்.

“செல்லு தன் வேலைய மறந்துட்டுப் பெருகுதுங்கண்ணா. இந்த மருந்து அதை ஞாபகப்படுத்துற மாதிரி. வேகம் கொறையுது.”

“அப்போ மாமாவுக்குத் திரும்ப வராதுங்களா?”

“தட்டுல கொறையுது. ஆளுக்குள்ள கொறையுமான்னு இன்னும் பாக்கணும். தெரியாததத் தெரியும்னு சொல்லமாட்டேனுங்க. அதுவரைக்கும் ஸ்கேனுக்கு வரச் சொல்லுங்க.”

சரக்கை ஏற்றிச் சொல்லியே வளர்ந்தவன் நான். தன் சரக்கைக் குறைத்துச் சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்! அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை, தவறாமல், நம் ஆட்களை நாமக்கல்லுக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போனவர் அவர். இனி யார் போவது?

மேனகா அம்மா, தட்டுகளை நீங்கள் பாருங்கள். பாதியில் விட்டுவிடாதீர்கள். ஆட்களைக் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. வரும் செவ்வாய், காலை ஆறு மணிக்கு என் ஜீப் வாழவந்தி நாட்டில் நிற்கும்.

குப்புசாமி மாமா, மூன்றாவது வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டி திரும்ப வந்திருக்குமோ என்று பயம். எனக்கும்தான். முன் சீட்டு உங்களுக்கு. வாரீங்களா? தலையாட்டினால் போதாது மாமா, வாய் திறந்து சொல்லுங்கள். அம்மிணிக்குக் கேட்கட்டும்.