ஹோட்டல் பஸ்ஸில் வரும் தாய்மாமன்

அலோ... ஆ, மன்னூபியாதான் பேசுறேன். யாரு?... மொன்செஃபா? என் தம்பி மொன்செஃபா? வ அலைக்கும் ஸலாம்டா. நல்லாத்தான் இருக்கேன். நீ எங்கேருந்து பேசுறே?... நாந்திலேருந்தா. பிரான்சுலேருந்தா. ஆமா, ஆமா, வேற எங்கேருந்து பேசப்போறே.

மழையா? ஆகஸ்ட் மாசத்துலயா?... அடப்பாவமே, காத்து வேறயா. ஆமா, கேக்குது, போன்லயே கேக்குது. பக்கத்துல யாரோ தொபுக்குனு தண்ணியில குதிக்கிறதுகூடக் கேக்குதே... ஓ, தெருவுல மழைத்தண்ணி தேங்கி நிக்குதா. அதுல குதிக்கிறாங்களா. நல்ல ஊர்டா உன் ஊரு. ஸ்வெட்டர் போட்டுக்கோ. சின்ன வயசுலயே உனக்குச் சளி பிடிச்சா லேசுல போகாது.

ஒரு நிமிஷம் இரு. ரிஹாப் என்னமோ கேக்கறா... உன் மாமாதான்டி. நாந்தில மழையாம். ஆமாடி, நேத்து லஸ்ஹர் ஹோட்டல் நீச்சல் குளத்தோரம் பாத்த அதே மாமாதான். மெதுவாப் பேசு, போனைப் பொத்திக்கிட்டிருக்கேன். சிரிக்காதே, கை ஆடினா மருதாணி கலைஞ்சுடும்.

ஆ, சொல்லு தம்பி. ரிஹாபுக்கா? இப்பதான் மருதாணி வச்சுட்டுப் போனாங்க. ரெண்டு கையிலயும் துணி சுத்திக்கிட்டு அரசி மாதிரி உக்காந்திருக்கா, மூக்கு அரிச்சாக்கூட நான்தான் சொறிஞ்சுவிடணும். கல்யாணம் நாளைக்குத்தான். மாறல. ஏன் கேக்கறே?... நம்ம வீட்டுலதான், அத்தாயாவுலதான், வேற எங்க? ஸ்ஃபாக்ஸ்ல மண்டபமா? எதுக்கு? கப்பல்ல ஏறி, அக்கரை போயி, கல்யாணம் பண்ணிக்கிட்டு, வாந்தி எடுத்துக்கிட்டே திரும்பி வரவா?

இல்ல, எனக்கு ஒண்ணு புரியல. போன மாசம் லீவு கிடைக்கல, மன்னிச்சுக்கோன்னு சொன்னே. சரின்னேன். இப்ப திடீர்னு எந்த வீடு, எந்தத் தெரு, எத்தனை மணின்னு துருவித் துருவிக் கேக்கறியே. வாழ்த்துத் தந்தி கிந்தி அனுப்பப் போறியா?... சும்மாவா. சரி, சும்மாவே இருக்கட்டும்.

நீயும் சும்மாதான் இருக்கே, மழை வேற, வெளிய போக முடியாது. அதனால ஒரு கதை சொல்றேன் கேளு. நம்ம சீதி ஃப்ரெஜ் கடற்கரை ஹோட்டல் இருக்குல்ல, அங்க லஸ்ஹர்தான் இப்ப சமையல்காரன். ஆமா, நம்ம பக்கத்து வீட்டு லஸ்ஹர். அவன் வந்து சொன்னான். போன ஞாயித்துக்கிழமை ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்து இறங்குச்சாம். ஒரு வயசான சீமாட்டி, அவ புருஷன், அவங்க பையன், அவன் கட்டிக்கப்போற பொண்ணு. கூட ஒரு ஆளு. கறுப்புக் கண்ணாடி, பெரிய தொப்பி, கையில ஹோட்டல்காரன் கட்டிவிட்ட நீலப் பட்டை. எல்லார்கிட்டயும் பிரெஞ்சுலதான் பேசுவானாம். நம்ம பாஷையில ஸலாம் சொன்னா, என்ன சொல்றீங்கன்னு புருவத்தைத் தூக்குவானாம்...

இருடா, கதை இன்னும் இருக்கு. மழை நிக்கப்போறதில்ல. அந்தத் தொப்பி போட்ட பிரெஞ்சுக்காரன் கடலுக்குப் போனானாம். நம்ம கடல் எப்படி, அரை மைல் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாது. அதுல இடுப்புல மிதவையைக் கட்டிக்கிட்டு நின்னானாம். அப்புறம் பழைய கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி, இங்கதான் ரோமானியர் குளிச்சாங்க, இங்கதான் கோதுமை கொட்டி வச்சாங்கன்னு அந்தச் சீமாட்டிக்கு விளக்கம் சொன்னானாம். கோட்டைக் காவல்காரன் பின்னாலயே நின்னு கேட்டிருக்கான். அவனே என்கிட்ட கேக்கறான், ஏன் மன்னூபியா, அந்தக் கோட்டையிலேருந்து கல்லைப் பேத்து உங்க ஆட்டுக்கொட்டகைக்குத் தூக்கிட்டு வந்ததும் இதே ஆளுதானேன்னு...

அலோ? அலோ? இருக்கியா?... லைன் போச்சோன்னு பாத்தேன். இருமுறியா? சொன்னேன்ல, ஸ்வெட்டர்.

ஆனா பாரு, இதெல்லாம் வச்சு லஸ்ஹர் கண்டுபிடிக்கல. அவன் ரொம்ப நல்லவன், யாரோ பாரிஸ் துரைன்னுதான் நினைச்சிருந்தான். மூணாவது நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் எட்டுக்கைப் பேய்க்கணவாய் வேகவச்சு நம்ம தீவுச் சாறு ஊத்திக் குடுத்தான். மத்தவங்க எல்லாம் ஆகா ஓகோன்னு சாப்பிட்டாங்க. இந்த ஆளு மட்டும் ஒரு வாய் வச்சுட்டு, முகம் சிவந்து, நாற்காலியைத் தள்ளிட்டு நேரா அடுக்களைக்குள்ள போயி நின்னானாம். போயி, பிரெஞ்சுலயாவது திட்டினானா? இல்ல. சுத்தமான அத்தாயா பேச்சுல, எவன்டா இதைச் செஞ்சது, தக்காளியை அரைச்சா ஊத்துவாங்க, கையால கசக்கணும்டா, உப்புல போட்ட கேப்பர் மொட்டு எங்க, சீரகத்தை வறுத்தியா இல்ல உங்க அம்மா வீட்டுலேருந்து அப்படியே கொண்டாந்தியான்னு... கரண்டியைப் பிடுங்கி அவனே செஞ்சும் காட்டினானாம். லஸ்ஹர் சொல்றான், அக்கா, கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டேன், உங்க வீட்டுச் சாறு, உங்க வீட்டுச் சாறேதான்னு.

கப்பல்ல தொப்பி போட்டு மறைச்சே, சரி. பேச்சை மறைச்சே, சரி. நாக்கை என்னடா பண்ணுவே?

...

ஆமா. தெரியும். ஞாயித்துக்கிழமையே தெரியும்டா. இது தீவு. கப்பல்ல உனக்குப் பக்கத்துல வலை மூட்டையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவன் யாருன்னு நீ பாக்கல. அவன் உன்னைப் பாத்தான். நீ கரையில கால் வைக்கிறதுக்குள்ள இங்க வாசல்ல வந்து சொல்லியாச்சு. நான்தான் எல்லார்கிட்டயும், விடுங்க, பையன் களைச்சுப்போயிருப்பான், நாளைக்கு வருவான்னு சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். அப்புறம் அவங்களா கேக்கறதை நிறுத்திட்டாங்க. அதுதான்டா மோசம்.

ம்... ம்... சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... ஆமா, இனெஸுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கு, நல்ல விஷயம்தானே. உன் மக கல்யாணத்துக்கு நான் குறுக்க நிப்பேனா?... பெரிய இடம். சரி. அவங்க நாட்டைப் பாக்கணும்னாங்க. கடல், கோட்டை, சாப்பாடு. சரி, காட்டு. யாரு வேண்டாம்னா? உன் சொந்த ஊருக்கு நீ பட்டை கட்டிக்கிட்டு வந்ததைத்தான் கேக்கறேன். அவங்ககிட்ட என்னடா சொல்லி வச்சிருக்கே?... எங்க?... கார்த்தேஜ்லயா. மாளிகையா. நமக்கா?

தோட்டம் உண்டா அந்த மாளிகையில? நீரூற்று?... இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், நானும் அங்கதானே பிறந்திருக்கேன். நம்ம அப்பா அங்க என்ன வேலை பாத்தாரு?... நீதிபதியா. அவரு பேய்க்கணவாய் பிடிக்கக் கடல்ல பானை கட்டி இறக்கினவருடா. தீர்ப்பு சொன்னதெல்லாம் அம்மாதான். சரி, நான் யாரு? அந்த மாளிகைக் கதையில நான் எங்க வர்றேன்?... வரவேயில்லையா... ம். ஒத்தப் பிள்ளையா நீ.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. விஷயத்துக்கு வா. எதுக்குக் கூப்பிட்டே? ஹோட்டல் பலகையில எழுதிப்போட்டதைப் பாத்துட்டுதானே? நாளைக்கு விருந்தாளிகளைப் பஸ்ல ஏத்தி, நிஜமான தீவுக் கல்யாணம் காட்டக் கூட்டிட்டுப் போறாங்க, ஊரு அத்தாயா. ஆமா, நம்ம கல்யாணம்தான். லஸ்ஹர் வந்து கேட்டான், வெளிநாட்டுக்காரங்க ஓரமா நின்னு பாத்துட்டுப் போகட்டுமான்னு. கல்யாண வீட்டுக்கு வர்றவங்களை வராதேன்னு சொல்ற பழக்கம் நமக்கு உண்டா? வரட்டும்னேன். உன் சம்பந்தியம்மா முதல் ஆளாப் பேர் குடுத்துட்டாளாமே...

என்ன சொல்றே? திருப்பிச் சொல்லு... பஸ்ஸை வேற கல்யாணத்துக்கு அனுப்பச் சொல்லணுமா. நான் சொல்லணுமா. இந்த வாரம் ராம்லாவுலயும் ஒரு கல்யாணம் இருக்கு, அங்க போகட்டுமா.

மொன்செஃப், இப்ப நான் கேலி பண்ணல. நல்லாக் கேட்டுக்கோ. இவ அப்பா ஹாதி போயிச் சேந்து ரெண்டு நோன்பு வந்துபோயிடுச்சு. அப்பா இல்லாத பொண்ணைத் தாய்மாமன் கையைப் பிடிச்சு வாசல் தாண்டி விடணும். அதுதானே நம்ம வீட்டு வழக்கம்? நம்ம அப்பா போனப்புறம் எனக்கு யாரு பிடிச்சாங்க? பெரிய மாமா. கால் உடைஞ்சு படுத்திருந்த மனுஷன், கட்டிலோட தூக்கிட்டு வரச் சொல்லி வந்தாரு. உனக்கு லீவு இல்லன்னதும் மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்க, வேற யாராவது பெரியவங்க பிடிக்கட்டுமேன்னு. ரிஹாப் ஒத்துக்கல. மாமா நாந்தில இருக்காரு, வர முடியல, அதுக்காக அவரு இடத்துல வேற யாரும் வேண்டாம், நான் தனியாவே வாசல் தாண்டிக்கிறேன்னு சொல்லிட்டா. அப்ப அவளுக்கு நீ நாந்தில இருந்தே. இப்ப அவளுக்குத் தெரியும், நீ கூப்பிடு தூரத்துல மிதவை கட்டிக்கிட்டு நிக்கறேன்னு. இதோ பக்கத்துல உக்காந்திருக்கா.

நாளைக்கு மேளக்காரங்க வெள்ளைப் பாவாடை கட்டிக்கிட்டுச் சுத்தும்போது, அவ தன்னந்தனியா நடந்து வருவா. நீ சுவரோரமா உக்காந்து உன் சம்பந்தியம்மாவுக்கு விளக்கம் சொல்லு. இதுதான் மணப்பொண்ணு, இது இவங்க வழக்கம், பாவம் பொண்ணுக்கு யாரும் இல்ல போலன்னு. பிரெஞ்சுல நல்லா இருக்கும்.

...

அழுறியா, மூக்கை உறிஞ்சுறியா? எதுவா இருந்தாலும் துடைச்சுக்கோ... யாரது பேசுறது பக்கத்துல? பொம்பளைக் குரல்... உன் சம்பந்தியம்மாவா. யாருகிட்ட பேசுறேன்னு கேக்கறாங்களா? நீ என்ன சொன்னே?... கேட்டுது, கேட்டுது. எனக்கும் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கொஞ்சம் இருக்கு. கல்யாண ஏற்பாடு பண்ற அம்மாவா நான். சரி... என்ன? அவங்க என்கிட்ட பேசணுமா? குடு. குடுடா, பயப்படாதே.

வணக்கம் மதாம். ஆமாங்க, நான்தான்... ரொம்ப நன்றிங்க. ஆமா, நாளைக்கு. வாங்க, நல்லா வாங்க... சாப்பாடா? பார்லி கூஸ்கூஸ், மீன் போட்டு. காரம் இருக்கும்... ஓ, அவரு நல்லா சமைப்பாரா? அப்படியா. அந்தச் சாறா? நேத்து மறுபடி செஞ்சாரா? எங்க கத்துக்கிட்டாராம்?... ஓ, சொல்ல மாட்டேங்குறாரா. நான் அவரைத் தெரியுமான்னு கேக்கறீங்களா?... மதாம், அதை அவர்கிட்டயே கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன். போனை அவர் கையில குடுங்க, குடுத்துட்டுப் பக்கத்துலயே நில்லுங்க. ஆமா, ஆமா. பக்கத்துலயே.

ம். நான் ஒண்ணும் சொல்லல. மாளிகையை நீ கட்டினே, நீயே இறங்கி வா. அவங்க கேக்கறாங்க பாரு, பதில் சொல்லு... எனக்குக் கேக்கல... இன்னும் கேக்கல, மொன்செஃப். அடுக்களையில லஸ்ஹரைத் திட்டும்போது இருந்த குரல் எங்க போச்சு?

...

ம்.

கேட்டுது. ... கேட்டுதுடா. அக்கான்னே. சொந்த அக்கான்னே... ஆமா, நாளைக்குக் கட்டிக்கப்போறவ உன் அக்கா மகதான், அதையும் சொல்லு... சொன்னியா. நீதிபதி என்ன ஆனாரு?... பானையும் சொல்லிட்டியா. முழுசாவா. சரி, சரி, மூச்சு விடு.

என்ன சொல்றாங்க அவங்க? கத்துறாங்களா?... சிரிக்கிறாங்களா. எதுக்குச் சிரிக்கிறாங்க?... அவங்க அப்பா சிப்பி பொறுக்கினவரா? பிரான்சுல, பிரித்தானி கடற்கரையிலயா? ஏன்டா, இதை முன்னாடியே நீ கேட்டிருக்கக் கூடாதா? ரெண்டு பேரும் மாறி மாறி மாளிகை கட்டிக்கிட்டு இருந்தீங்களா?

சரி. நாளைக்கு நேரத்தோட வா. சட்டை நல்லதா... என்ன? எப்ப?... இப்பவா? யாரு, எல்லாரும் வர்றாங்களா? பஸ் எல்லாம் வேண்டாமாம், இப்பவே கிளம்பறாங்களா? இல்ல, இல்ல, இரு. இப்ப எப்படிடா? முத்தத்துல ஆடு கட்டியிருக்கு. மீன் செதில் கழுவல. சுவத்துல பாதிக்குத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்கு, மீதி நாளைக் காலையில... நான் மாவுக் கையோட நிக்கறேன், தலையில எண்ணெய். வாடகை நாற்காலி எல்லாம் நாளைக்குத்தான் வரும். நாளைக்கு வரட்டும்னு சொல்லு. வீடு சரியில்லன்னு சொல்லு. இல்ல, வீடு சரியில்லன்னு சொல்லாதே, வேற ஏதாவது சொல்லு. எனக்கு உடம்பு சரியில்லன்னு...

ஏன்டா சிரிக்கிறே?

...

யாரு? எனக்கா? எனக்கு என்ன வெட்கம்?

...

சிரிச்சு முடி. முடிச்சியா?... சரி. சரி, வாங்க. பின்பக்கமாச் சுத்திக் கூட்டிட்டு வரலாம்னு பாக்காதே, முன்வாசல் வழியாவே கூட்டிட்டு வா. ஆடு இருந்தா இருக்கட்டும். அந்தக் கையில இருக்கிற பட்டையை மட்டும் அறுத்து எறிஞ்சுட்டு... அலோ? அலோ?... வச்சுட்டான்.

ரிஹாப், எழுந்திரு. உன் மாமா வர்றான்... இப்பதான்டி, இப்பவே. ஐயோ, துணியைப் பிரிக்காதே, மருதாணி இன்னும் காயல. உக்காரு, அப்படியே உக்காரு. முகத்தைக் காட்டு, நான் துடைச்சுவிடுறேன்.