பீரோவில் பூட்டிய அட்டைகள்

“வகுப்புல நான் வாயைத் திறந்தாலே தப்பாம்ல” என்றார், முன் சீட்டிலிருந்த இரண்டு டீச்சர்களில் பெரியவர். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு, டீச்சர் பேசாத பள்ளிக்கூடம் பிடிபடவில்லை. அது ராமேஸ்வரம் போகும் காலை பஸ்.

பக்கத்திலிருந்த சின்ன டீச்சர் சிரித்தார். “தப்புன்னு யாரு சொன்னாக, அக்கா? பிள்ளைக பாட அட்டையை எடுத்து அதுகளாப் படிக்கட்டும், நீங்க அதுக கூட உட்காருங்கங்கிறாக. நான் பிரவுசிங் சென்டர்ல மீன் படமெல்லாம் எடுத்தாந்து ஒட்டியிருக்கேன். உங்க வகுப்புல ஒரு அட்டையும் வெளிய காணமே?”

“பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். கருவாடு தொட்ட கையோட எடுத்தா நாறிப்போகும்ல. நாளைக்கு ஆபீசர் வாராக, புதுசா இருக்கட்டும்.”

“புதுசா இருந்தா யாரும் தொடலைன்னுதானக்கா எழுதுவாக!”

பெரிய டீச்சர் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“என் வகுப்புச் செல்வி, ஆத்தாகூடக் கருவாடு காயப்போடப் போயி ரெண்டு மாசம் வரலைல்ல? நேத்து வந்துச்சு. பாடம் எங்கயோ போயிருச்சு. ஒண்ணும் புரியாம அழுதுச்சு. இனிமே வரமாட்டேன்னு போயிருச்சு.”

“அட்டை வெளிய இருந்திருந்தா, விட்ட அட்டையிலருந்தே படிச்சிருப்பாளேக்கா.”

“அதத்தான் நானும் நினைச்சுக்கிட்டு வாரேன்.”

பாம்பனில் இறங்கும்போது பெரிய டீச்சர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

“நீ போயி பீரோவைத் திற. நான் கரைக்குப் போயி அவளைக் கூட்டிட்டு வாரேன்.”

பஸ் கிளம்பிவிட்டது. அந்தப் பிள்ளை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை ராமேஸ்வரம் வரை என்னை விடவில்லை.