பிரிட்டாவின் பெயரை அடித்தது நான்

எங்கள் வீட்டுக் காபியைக் குடித்தவர்கள் இன்னொரு கோப்பை கேட்காமல் போனதில்லை, ஐயா. ஓமெடெபே தீவில், எரிமலையடியில், ஆறு வலைத்தூளி கட்டிய ஒரு கொட்டகை. அதுதான் எங்கள் விடுதி. முதுகுப் பையோடு ஊர் ஊராகப் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது போதும். ஒரு தட்டு சோறும் பீன்ஸும் வாங்கி இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும். அந்தப் பெண்மீது எனக்குக் கோபமே இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மலையேறுகிறவர்கள் எங்கள் வாசலில் தொங்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். இறங்கியதும் அவரவர் கையாலேயே அதை அடித்துவிட வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்திலும் பெயர் அடிபடாமல் இருந்தால், அவர்கள் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் முதலில் ஏற வேண்டும். பிறகுதான் ஊரார் வருவார்கள். எங்கள் வழக்கம் அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் அடிக்க மறந்தான். என் மகன் வில்மர் மழையில் அவனைத் தேடப் போனான். மறுநாள் பள்ளத்திலிருந்து கயிறு கட்டித்தான் மகனைத் தூக்கினோம். தேடப்பட்டவனோ மலையின் மறுபக்கம் மெரீதா ஊரில் இறங்கி, பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தான். "மன்னிச்சிருங்க டோன் எலிசெயோ, நோட்டு ஞாபகமே வரல" என்றான் என்னிடம். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டது நான்தான்.

எனக்கு மிச்சம் என் மகள் டமாரிஸ். முப்பது வயது, மலைக்கு வழிகாட்டி. இந்த வேலை வேண்டாம் என்றால் கேட்கிறவளா? "உங்க முட்டிய வச்சுக்கிட்டு நீங்க ஏறுவீங்களாப்பா? பேசாம காபியை வறுங்க" என்பாள். அண்ணனுடைய அதே வாய்.

அந்தப் பெண் பிரிட்டா எங்கள் விடுதியில் ஐந்து நாள் இருந்தாள். அவளுக்கும் டமாரிஸுக்கும் நல்ல சிநேகிதம். வழிகாட்டி வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது, தனியாகவே ஏறுகிறேன் என்றாள் பிரிட்டா. "காசு வேணாம்டி, சும்மா கூட வரேன்" என்றாள் டமாரிஸ். டமாரிஸைப் போகவிடாமல் தோட்டத்துக்குக் காபிப்பழம் பறிக்க அனுப்பியது நான். பிரிட்டா நோட்டில் பெயர் எழுதிவிட்டுத் தனியாக ஏறினாள்.

மத்தியானத்திலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆகியும் பெயர் அடிபடாமல் அப்படியே இருந்தது. டமாரிஸ் தோட்டத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. பேனாவை எடுத்து அடித்தேன். கோடு நேராகத்தான் வந்தது. பிரிட்டாவின் பையைச் சோள மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

"எங்கப்பா அவ?"

"மத்தியானமே இறங்கிட்டா. படகுத்துறைக்கு வண்டி கிடைச்சுது, போயிட்டா."

"என்கிட்ட சொல்லாமலா? கல்நெஞ்சுக்காரி."

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வீட்டில் இருந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் மழைச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் மனசு கேட்கவில்லை. டமாரிஸ் சந்தைக்குப் போனதும் தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறினேன். பாதி மலையில், ஓடைப் பள்ளத்தில் கிடந்தாள். கால் முறிந்து உடம்பு அனலாய்க் கொதித்தது. என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"வருவீங்கன்னு தெரியும். நோட்டுல என் பேரு அடிக்காம இருக்குல்ல."

அந்த ஒரு வார்த்தைதான், ஐயா. அவள் கீழே வந்தால் எல்லாரும் நோட்டைப் பார்ப்பார்கள். டமாரிஸ் பார்ப்பாள். அதற்குப் பிறகு அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவாளா?

"ஆளுங்களக் கூட்டிட்டு வரேன் தாயி, அசையாம இரு" என்றேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். சரியென்று தலையாட்டினாள். இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். டமாரிஸ் சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்திருந்தாள்.

மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மழை விடாததால் வேறு யாரும் ஏறவில்லை. வானம் வெளுத்த அன்று டமாரிஸ் நாலு பேரை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிரிட்டாவின் உடலை அவளே பார்க்கும்படி ஆயிற்று.

அந்தக் குடுவைக்குத் துணியுறை தைத்தது டமாரிஸ்தான். அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"தண்ணி தீர்ந்துபோச்சுப்பா" என்றாள். பிறகு நடந்தே உங்கள் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாள். அதோடு என்னிடம் பேச்சு இல்லை.

பெயரை அடித்தது நான். கண்டும் விட்டுவிட்டு வந்தது நான். எல்லாம் எழுதியாகிவிட்டதா? நான் அவளை வெறுமனே விட்டுவிட்டு வரவில்லை, ஐயா. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வந்தேன். டமாரிஸ் படிப்பாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.