வீட்டுக்குப் பத்துப் புள்ளி

அரிசிக்குக் கூப்பன் வந்திருந்த இரண்டாம் உலக யுத்தகாலம். தெல்லிப்பழையில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

“எங்கடை வீட்டுச் சந்தோஷம் பங்கிட்டுப் பாத்தால் ஆறு பேருக்குக் காணேல்லை, அக்கா,” என்றாள் இளையவள். நான் பத்திரிகையைத் தாழ்த்தினேன்.

“என்ன பிள்ளை கதைக்கிறாய்?”

“பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் வீடு வீடாய்க் கணக்கெடுக்கக் கடுதாசியோடை வந்தவர். வீட்டிலை ஆரார் எவ்வளவு சந்தோஷமாய் இருக்கினம், பத்துப் புள்ளியிலை சொல்லுங்கோ எண்டார். நான் மாமிக்கு நாலு, இவருக்கு மூண்டு, மூண்டு பிள்ளையளுக்கும் ஒவ்வொண்டு எண்டு குடுத்தன். பத்தும் சரி.”

“அப்ப உனக்கு?”

“கூப்பன் அரிசி மாதிரி வீட்டுக்கு இவ்வளவுதான் எண்டெல்லோ நினைச்சன். அவர் சிரிச்சுப்போட்டு, ஆளுக்குப் பத்து இருக்கு, உங்கடையைச் சொல்லுங்கோ எண்டார்.”

“எத்தினை சொன்னனீ?”

ரயில் கோண்டாவிலில் நின்று புறப்பட்டது. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு வாங்கோ எண்டு அனுப்பிப்போட்டன். மற்ற ஆக்களின்ரை எனக்குத் தெரியும், அக்கா. என்ரையை யோசிச்செல்லோ சொல்லவேணும்.”