தண்ணீர் குடித்த துண்டு

— அப்ப இந்தத் துண்டு ஒரு தடவகூட நான் விக்குத மிருதுலாவுல, துணியை மெத்துன்னு ஆக்குத அந்தத் தண்ணியில, முங்கினதில்ல. அதானே சொல்லுதே, மங்கலம்?

— ஒரு தடவகூட இல்ல. ஊறுகாய்க்கு விடுவோம்லா வினாகிரி, அதுல அரை கிளாஸை கடைசித் தண்ணியில ஊத்தி அலசுவேன். நல்லா உதறிக் காத்துல போடுவேன். காஞ்சா புளிச்ச வாடையும் போயிரும். முதல்ல ஆப்பச்சோடா போட்டுப் பார்த்தேன். இதுதான் ஒத்து வந்துது.

— எளவே! ஒரு கையில விறைப்புத் துண்டு, ஒரு கையில இது. தொட்டுப் பாருங்க அண்ணாச்சின்னு பழவங்காடியிலேருந்து விதுரா வரைக்கும் கடை கடையா நீட்டினேனே! ‘லிங்கம், இது துண்டா முயல்குட்டியா’ன்னு கேட்டுத்தானே எல்லாரும் மிருதுலா வாங்கி அடுக்குனாங்க.

— முயல்குட்டி மேல அதை நீங்க ஊத்திப் பாக்காம இருந்தியளே, அது போதும்.

— சிரிக்காதே. கடைசியா நான் தந்த மிருதுலாக் குப்பி எங்கே?

— கட்டிலுக்கு அடியில. மூடி திறக்கல.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?

— சொன்னேன். முதல் குப்பியில முக்கின துணியைப் போட்டு நம்ம பாப்பா முதுகெல்லாம் தடிச்சு, சொறிஞ்சு சொறிஞ்சு சட்டையில ரத்தம் ஒட்டினப்ப சொன்னேன். டாக்டரும் உங்க முன்னாலதான் சொன்னாரு, துணியில அந்த வாசனைத் தண்ணி வேண்டாம்னு. நீங்க என்ன சொன்னிய? ‘விக்குதவன் வீட்டுலயே வேண்டாம்னா ஊர்ல எவன் வாங்குவான்’னு சொன்னிய. அதோட சொல்லுததை விட்டேன். செய்ய ஆரம்பிச்சேன். இத்தனை நாள் கேக்காதவரு இன்னைக்கு ஏன் கேக்கிய?

— கம்பெனி மானேஜர் வாறாரு. பத்மகுமார். நேத்து தாணுமாலையன் அண்ணாச்சி கடையில துண்டைக் கையில வாங்கினவரு விடவே இல்ல. மோந்து பார்த்தாரு. மேசையில சிந்தின சாயாவை அதாலயே துடைச்சாரு. துண்டு ஒரே இழுப்பா குடிச்சிட்டுது. ‘மிருதுலாவுல அலசினா துண்டுல மெழுகு மாதிரி படியும், இப்படித் தண்ணி குடிக்காதே, லிங்கம்’னாரு. சிரிக்கல. நாளைக்கு வீட்டுக்கு வாறேன், துண்டு அலசுன ஆளைப் பார்க்கணும்னுட்டுப் போயிட்டாரு.

— வரட்டும்.

— என்னத்த வரட்டும்? ஏஜென்சியைப் பிடுங்கிருவாரு. இருந்த வேலையையும் விட்டுட்டு இதுல இறங்கியிருக்கேன். ஒரு காரியம் செய்யி. வேற துண்டு ஒண்ணு எடு. மிருதுலாவுல முக்கிக் கொடியில போடு. அவரு வரும்போது வாசனை வந்தாப் போதும்.

— எந்த வாளியில முக்க?

— வாளிக்கு என்ன வந்துது?

— இருக்கது ஒரு வாளி. பாப்பா துணி நனைக்கதும் அதுலதான்.

— ஒரே ஒரு தடவ, பிள்ளே. பொறவு நானே தேய்ச்சுக் கழுவித் தாறேன்.

— முடியாது.

— அவரு கேட்டா என்ன சொல்லுவே?

— உள்ளதைச் சொல்லுவேன். நம்பலைன்னா பாப்பாவைத் தூக்கிட்டு வந்து சட்டையைக் கழத்திக் காட்டுவேன். அவ முதுகு இப்ப எப்படி இருக்குன்னு நீங்க பார்த்தியளா?

— பார்த்தேன். காலையில குளிப்பாட்டினியே, அப்ப தடவிப் பார்த்தேன்.

— எப்படி இருந்துது?

— இந்தத் துண்டு மாதிரி இருந்துது.

— அப்ப பேசாம உக்காருங்க. வாசல்ல பைக் சத்தம் கேக்கு.

— லிங்கம் இல்லே இவிடே? ஞான் பத்மகுமார்.

— வாங்க சார், வாங்க. இதுதான் என் வீட்டுக்காரி. மங்கலம், சாருக்கு ஒரு சாயா—

— சாயா வேண்டா. அந்தத் துண்டு எங்கே?

— இந்தா இருக்கு சார். அலசினது நான். உங்க லிக்விட் இதுல ஒரு சொட்டு படல. ஊறுகாய்க்கு விடுத வினாகிரியில அலசினது. இவருக்கு இன்னைக்குத்தான் தெரியும். இனியும் அதுலதான் அலசுவேன். ஏஜென்சியை எடுக்கதுன்னா எடுத்துக்கிடுங்க.

— மங்கலம்!

— நீங்க சும்மா இருங்க.

— சார், அவ… அவ சொல்லுதது உள்ளதுதான். பிள்ளைக்கு ஒத்துக்கிடல. நானும் இனிமே அந்தக் குப்பியை வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டேன்.

— லிங்கம், அந்தக் கதவை ஒண்ணு அடைக்கூ.

— எதுக்கு சார்?

— இது கம்பெனிக்குத் தெரியக்கூடாது. சேச்சி, அரை கிளாஸ்னா எத்தனை தண்ணிக்கு?

— ஒரு வாளிக்கு. ஏன் சார் கேக்கிய?

— எண்டெ மோளு, என் சின்னப் பொண்ணு, அவளுக்கும் முதுகு முழுக்கத் தடிப்பு. இந்தத் துண்டை நான் கொண்டுபோகட்டே சேச்சி? குளிப்பிச்சுத் துடைக்க, நம்ம மிருதுலா படாத துணி ஒண்ணுகூட எங்க வீட்டுல இல்ல.