ஊதாத விசில்

நெல்டாவின் காது நன்றாகத்தான் கேட்கிறது. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. மற்றது பிறகு வரட்டும்.

போன வாரம் அவள் பஸ் பிடித்துத் தெமுக்கோ நகரம் வரை போய்க் காதைக் காட்டிவிட்டு வந்தாள். ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் நம்பவில்லை. ஊழியர் சமையலறையில் என்னை உட்கார வைத்து, தன் காதோரம் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிக் காட்டினாள்.

"இது கேக்குது, தோன் எலியோ. இந்தக் காதுலயும் கேக்குது. அப்புறம் ஏன் அன்னிக்கு மட்டும் கேக்கல? கூப்பிடு தூரத்துல ஒரு மனுஷன் விறைச்சுச் செத்துக்கிட்டிருந்திருக்கான். கழுத்துல விசில் தொங்கியிருக்கு. நான் பாட்டுக்கு லிஃப்ட் சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கிட்டு நின்னிருக்கேன்."

"காத்து எதிர்ப்பக்கம் அடிச்சிருக்கும்," என்றேன்.

"அன்னிக்குத்தான் காத்தே இல்லையே."

காற்று இல்லைதான். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. அவளைப் போல ஒரு மெக்கானிக் இந்த மலைத்தொடரில் எங்கும் கிடைக்க மாட்டாள். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே நான் வந்தேன்.

அந்த ஹீட்டரைக் கொஞ்சம் அணைக்க முடியுமா? குளிர் எனக்குப் பழக்கம். அந்த இயந்திரம் உள்ளுக்குள் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது. நன்றி.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனிச்சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்ட் மாலையில் நின்றதும் நாங்கள் ரோந்துக்காரர்கள் உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவோம். ஆளுக்கு ஒரு தடம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, யாராவது இருக்கிறீர்களா என்று கத்த வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். கத்துவது எல்லோருக்கும் வரும். காத்திருப்பதுதான் வேலை. மற்றவர்கள் கத்தி முடிக்கும் முன்பே கிளம்பிவிடுவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. காலை நகர்த்தினால் பனி நறநறக்கும் என்பதால் அசையாமல் நிற்பேன். மூச்சையும் அடக்கிக்கொள்வேன். பதில் வராது. அப்போது மலை ஒரு கனத்த கதவைப் போல மெல்லச் சாத்திக்கொள்ளும். அதன்பிறகு ரேடியோவில் 'சுத்தம்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாள் முழுவதும் மனிதர்களைப் பொறுத்துக்கொள்வேன்.

முன்பு எங்கள் செர்ரோ ருகான் மலை குளிர்காலத்தில் மட்டும்தான் திறந்திருந்தது. பனி கரையத் தொடங்கியதும் எல்லோரும் ஊருக்கு இறங்கிவிடுவார்கள். காவலுக்கு நான் மட்டும் மேலே தங்குவேன். லிஃப்ட் நாற்காலிகள் ஆடாமல் தொங்கும். லெங்கா மரங்கள் துளிர்க்கும். மறுபடி பனி விழும்வரை, என் தேநீர்க் கெட்டில் கொதிப்பதுதான் அங்கே பெரிய சத்தம். எனக்குக் குடும்பம் இல்லை. அதைக் குறையாக நான் நினைத்ததில்லை.

பிறகு காஸ்பார் இத்துரியாகா வந்தார். வல்பரைசோக்காரர். துறைமுகத்தில் பிறந்து, சொகுசுக் கப்பல்களில் கேளிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். புது நிர்வாகி என்று சமையலறையில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"இந்த மலை வருஷத்துல பாதிக்கு மேல தூங்குது. எழுப்பி விடுவோம். இனி நாலு பருவமும் திறந்திருக்கும். யாரும் வேலை தேடி அர்ஜென்டினாப் பக்கம் ஓட வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல யோசனைதான். ஊர் பிழைத்துக்கொண்டது. இதை நான் எங்கும் மறுக்க மாட்டேன்.

கோடையில் சறுக்குத் தடங்களில் சைக்கிள்கள் இறங்கின. பிரேக் கிறீச்சிடுவது பள்ளத்தாக்கின் அடுத்த பக்கம்வரை கேட்கும். லெங்கா மரங்களுக்கு நடுவே கயிற்றுப் பாலங்கள் கட்டினார்கள். லிஃப்ட் நிலையங்களில் ஒலிபெருக்கி வைத்துக் காலையிலிருந்து கும்பியா பாட்டு. என்னைத் தண்டவாள வண்டி வேலையில் போட்டார்கள். ஒருவர் உட்காருவார், நான் பிரேக்கை விடுவேன், வண்டி சரிவில் பாயும். முதல் வளைவில் அலறுவார்கள். எல்லோரும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே குரலில். வலியால் இல்லை, சந்தோஷத்தால்தான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

அதிலிருந்து என்னால் உட்கார முடியாமல் போயிற்று. படுத்தால் எழுந்துவிடுவேன். எழுந்தால் ஜன்னலைச் சாத்துவேன், உடனே திறப்பேன். சாப்பிடும்போது மற்றவர்கள் கரண்டி வைக்கும் ஓசைக்குத் தோள் தூக்கிப் போடும். நெல்டாதான் கவனித்தாள்.

"உங்களுக்கு எதுக்குக் காது, தோன் எலியோ? கழட்டி அந்த ஆணியில மாட்டிட்டுச் சாப்பிடுங்க."

காஸ்பார் மேல் எனக்கு ஏதாவது கோபம் இருந்ததா என்று, எல்லோரையும் விசாரித்த அன்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை என்றேன். அது உண்மை. அவர் என்னைச் சாமியார் என்று கூப்பிடுவார். தன் தெர்மாஸிலிருந்து எனக்கு முதலில் மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அவரிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒருமுறைதான் அவரிடம் பொய் சொன்னேன். குளிர்காலத்திலும் உச்சி வரை ஒலிபெருக்கி வைக்கலாம் என்று அவர் ஆரம்பித்தார்.

"வைக்கலாம்," என்றேன். "பனி சரிஞ்சா நீங்க பொறுப்பு."

"பாட்டுக்கா? பாட்டுக்கா பனி சரியும்?"

"கொஞ்சம் பலமாத் தும்மினாலே போதும். சரிவு மொத்தமும் கிளம்பி வந்துரும்."

நெல்டாவுக்கு மாத்தே புரையேறியது. அவர் அவளைப் பார்த்தார். "என்ன நெல்டா, நிஜமாவா?"

"அவர் சொன்னா நிஜம்தான், ஐயா. எங்க மாமா ஒருத்தர் கொட்டாவி விட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்."

கொட்டாவிக் கதையை அவர் நம்பவில்லை. என் பேச்சை நம்பினார். மனிதனின் குரலுக்கு இங்கே எந்தப் பனியும் அசையாது. பனியைச் சரிக்க நாங்கள் வெடி வைத்தாலும் சில நாள் அது நகராமல் கிடக்கும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடற்கரையில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? குளிர்கால ஒலிபெருக்கி யோசனை நின்றது. அதுமட்டுமல்ல, அன்றிலிருந்து உச்சிப்பக்கம் போனால் அவர் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். ரோந்துப் பையன்கள் அவரைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்து, முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். வேடிக்கை போய்விடுமே என்று யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை.

இனி அந்த நாள். செப்டம்பர் மாதச் சுதந்திர விழா விடுமுறைக்கு முந்தின நாள். காஸ்பார் அன்று மாலையே வல்பரைசோவுக்கு அம்மாவிடம் கிளம்புவதாக இருந்தார். அவருடைய வண்டி ஊரில் பழுதுபார்க்க நின்றது. யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். லிஃப்ட் நிற்கும் நேரத்தில் உச்சியில் என்னிடம் வந்தார்.

"சாமியாரே, உங்க தடத்துக்குப் பக்கத்து ஓடையை ஒருவாட்டி பாத்துட்டு இறங்கறேன். வர்ற கோடைக்கு அங்க ஒரு கம்பி இழுக்கணும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தொங்கிக்கிட்டே போகலாம். ஜனங்க எப்படிக் கத்தப்போறாங்க பாருங்க."

அந்த ஓடை ஒன்றுதான் மீதி இருந்தது. அங்கே எந்த விளையாட்டும் வரவில்லை. கோடையில் வண்டி வேலை முடிந்ததும் நான் அங்கே போய் உட்காருவேன். அவருக்கு அது தெரியாது.

"பார்த்துப் போங்க," என்றேன். ஓடைக்குமேல் பனி கூரை போட்டிருக்கிறது, குளிர்காலம் முடிகிற செப்டம்பரில் அது மெலிந்துபோயிருக்கும் என்பதையும் சொன்னேன். அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு ரேடியோ இடுப்பில் குத்தும், எடுத்து வர மாட்டார். செல்போன் அந்தப் பள்ளத்தில் எடுக்காது.

நான் என் தடத்தில் இறங்கினேன். ஓடைத் திருப்பத்தில் நின்று, யாராவது இருக்கிறீர்களா என்று கத்தினேன். காத்திருந்தேன். பதில் வந்தது. மிகச் சின்னக் குரல், "எலியோ, இங்க" என்று. அசையாமல், மூச்சை அடக்கி நிற்பவனுக்கு மட்டுமே கேட்கக்கூடிய குரல். மற்றவர்கள் யாராக இருந்தாலும் கேட்டிருக்காது. அந்த வகையில் அவர் கெட்டிக்காரத்தனமாக என் தடத்தில் விழுந்தார்.

சற்று நேரம் கழித்து ரேடியோவில் 'சுத்தம்' என்று சொன்னேன்.

கொஞ்சம் கீழே, லிஃப்ட் கம்பத்தில் நெல்டா இருந்தாள். மோட்டார் நின்றிருந்தது. விடுமுறைக் கூட்டத்துக்கு முன் சக்கரத்தைப் பார்த்துவிட ஏணியில் ஏறியிருந்தாள்.

"காஸ்பார் இறங்கியாச்சா?" என்று கேட்டாள்.

தலையசைத்தேன். தலையசைப்பது பொய்யில் சேராது என்று அப்போது தோன்றியது.

நான் உடனே கீழே போய் ஆட்களையும் அடிபட்டவரை இழுத்துவரும் பலகையையும் கொண்டுவருவதாகத்தான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அதற்கு முன் ஒரு நிமிடம் உட்காரலாம் என்று நினைத்தேன். பனியில் உட்கார்ந்தேன். உட்கார முடிந்தது. எத்தனையோ கோடைகளுக்குப் பிறகு கைகால் பரபரக்காமல் ஓரிடத்தில் இருந்தேன். நெல்டா வேலையை முடித்து இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே ஊற்றினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"என்ன, மலை இன்னிக்கு இப்படிக் கிடக்கு? ஒரு கிளைகூட அசையல. உங்களுக்குக் கொண்டாட்டம்தான்," என்றாள்.

"ஆமாம்," என்றேன்.

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பு நல்ல கணீரென்ற சிரிப்பு. ஓடை வரை கேட்டிருக்கும். ஆள் சேர்ந்துவிட்டார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று அவர் நினைத்திருப்பார். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நீங்கள் இப்போது விசிலைக் கேட்கப் போகிறீர்கள். அன்று அதை ஊழியர் அறையில் ஊதிப் பார்த்தீர்கள். எல்லோரும் திடுக்கிட்டார்கள். நன்றாக வேலை செய்கிறது. அப்படியிருந்தும் அவர் ஏன் ஊதவில்லை என்பதுதான் உங்களுக்குப் பிடிபடாதது. நெல்டாவைத் தூங்கவிடாததும் அதுதான்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் குரல் கேட்டதும் நான் ஓடைக் கரைக்குப் போனேன். பனிக்கூரை உடைந்து, உள்ளே அவர் கிடந்தார். ஒரு கால் தண்ணீருக்குள், பாறைக்கு அடியில், திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்க மலை என் காலைப் புடிச்சுக்கிச்சு, சாமியாரே. விட மாட்டேங்குது." அதையும் கிசுகிசுத்தார். கையில் விசிலைப் பிடித்திருந்தார். "பயந்துக்கிட்டு இதை ஊதாமலே இருந்தேன். இப்ப ஊதட்டுமா? கீழ நெல்டா இருப்பாளே, ஓடி வருவா."

நான் மேலே சரிவை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பாதிப் பாறை தெரிந்தது.

"வேண்டாம்," என்றேன். "மேல பனி தொங்குது. விசில் சத்தம் ஆகவே ஆகாது. வாயைத் திறக்காதீங்க. நான் ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்."

"நேரமாகுமா?"

"எவ்வளவு நேரமானாலும் சத்தம் போடாதீங்க."

அவர் தலையசைத்தார். என்னைப் போலவே மூச்சை அடக்கிக் காட்டினார். அவர் கண்ணில் பயம் போய்விட்டது. அதை நான் பார்த்தேன்.

நெல்டாவுடன் கீழே இறங்கும்போது பனி விழத் தொடங்கியது. சமையலறையில் விழாவுக்கு எம்பனாதா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டேன். யாரோ கித்தார் வாசித்தார்கள், அதுகூட என்னைத் தொந்தரவு செய்யவில்லை. ஆட்களிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு இருந்துகொண்டேதான் இருந்தது. சொன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்துவார்கள். அதைத் தாங்க எனக்கு அப்போது தெம்பில்லை.

காலையில் முதல் ஆளாக நான்தான் போனேன். வருகிறேன் என்று சொன்னால் வந்துவிடுவது என் பழக்கம். அவர்மேல் பனி மெல்லிசாகப் போர்த்தியிருந்தது. விசில் உதடுகளுக்கு நடுவே இருந்தது. எத்தனை முறை ஊத நினைத்திருப்பார். ஊதவில்லை. கேட்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை என்று நெல்டாவிடம் சொல்லுங்கள். அவள் வேலைக்குத் திரும்பி வரட்டும்.

இனி நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். அவர்மேல் எனக்கு வெறுப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். இத்தனை வருஷத்தில் அமைதியாக இருங்கள் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கடைசிவரை கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் போனதில் என்னைவிட அதிகம் வருந்துகிறவர் அந்த மலையில் யாரும் இல்லை.